கோண வாய்க்கால்

கோணல் என்னும் சொல்லுக்குத் தமிழ் வழக்கில் நற்பெயர் வாய்த்ததில்லை. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்ற பழமொழியிலும், கோணல் புத்தி, கோணல் வழி என்ற வசைமொழிகளிலும் அது குற்றத்தின் பெயராகவே நிற்கிறது. இங்ஙனம் நிந்தைக்கே உரியதாகிவிட்ட இச்சொல், கொங்கு நாட்டில் ஒரு நீர்வழியின் பெயரோடு சேர்ந்து, பழிப்பின்றி வழங்கி வருவது ஆராயத்தக்கது.

பவானியாறு காவிரியோடு கூடுமிடத்துக்குச் சற்று மேலே கட்டப்பட்ட அணையிலிருந்து புறப்பட்டு, காவிரியின் வலக்கரைப் பக்கமாகத் தெற்கே ஈரோட்டைக் கடந்து, ஆவுடையார்பாறை அருகே நொய்யலைச் சேரும் காலிங்கராயன் வாய்க்காலுக்கே கோண வாய்க்கால் என்றும் பெயர். கால் என்பது நீரோடும் வழி. வாய் என்பது நீர் புகும் இடம். இவ்விரண்டையும் முன்பின்னாக மாற்றிக் கால்வாய் என்றாலும் பொருள் அதுவே. ஆற்றினின்று நீர் பிரியும் முகப்பைப் பழைய சாசனங்கள் வாய்த்தலை என்று குறிக்கின்றன.

காலிங்கராயன் என்பதோ இயற்பெயரன்று, பட்டப்பெயர். முதற் குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகியோர் காலத்துச் சேனாபதியாகிய நரலோகவீரனும் இப்பட்டத்தைத் தாங்கியவனே. வாய்க்கால் வெட்டியவர் 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியரின் பிரதிநிதியாகக் கொங்கில் அதிகாரம் செலுத்திய லிங்கையர் என்றும், அவர் வெள்ளோட்டுப் பகுதியின் சாத்தந்தை கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றும், வேலை 1283-இல் நிறைவேறியது என்றும் பரம்பரைச் செய்தி கூறும்.

அக்குடும்பத்துக் கதைகளுள் இரண்டு இன்றும் சொல்லப்படுகின்றன. சம்பந்தம் பேசச் சென்ற உறவினர் வீட்டில், விருந்துக்கு எந்த அரிசியை உலையிலிடுவது என்று சமையற்காரர் கேட்க, கம்பு தின்னும் நாட்டாருக்கு எந்த அரிசியானால் என்ன என்று வீட்டார் சொல்லிய வார்த்தை காலிங்கராயர் காதில் விழுந்து, தம் வறண்ட நாட்டை நெல் விளையும் நாடாக்குவேன் என்று அவர் சங்கற்பம் செய்துகொண்டார் என்பது ஒன்று. வாய்க்காலைத் தம் சுயலாபத்துக்காகவே வெட்டினார் என்று ஊரார் பேசக்கூடாதென்று, தம் வம்சத்தார் அதன் நீரைத் தீண்டுவதில்லை என ஆணையிட்டு, பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பது மற்றொன்று. ஊத்துக்குளி ஜமீன்தார்கள் காலிங்கராயர் என்ற பட்டத்தையே தலைமுறை தலைமுறையாகத் தரித்து வந்தனர்.

பாம்பு ஒன்று முன்னே ஊர்ந்து வழிகாட்ட, அதன் தடத்திலேயே வெட்டியதால் வாய்க்கால் கோணிற்று என்பது ஊர் வழக்கு. பவானிக்கும் ஆவுடையார்பாறைக்கும் இடையே நேராக அளந்தால் ஏறக்குறைய 30 மைல். வாய்க்காலின் நீளமோ 56 மைலுக்குக் குறையாது. நேராக வெட்டியிருந்தால் நீர் சரிவில் விரைந்து கரையை அரித்துத் தாழ்ந்த நிலத்தில் இறங்கியிருக்கும். மேட்டின் ஓரத்தையே பற்றி, நில மட்டத்துக்கு இணங்க வளைந்து சென்றதனால், வேகம் தணிந்து, வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட பூமி முழுவதற்கும் தானாகவே பாயும் உயரத்தில் நின்றது. 15,000 ஏக்கருக்கு மேற்பட்ட நெல், மஞ்சள், கரும்பு, வாழை நிலங்கள் இந்தக் கோணலால் விளைபவையே. நிலத்தின் ஏற்றத்தாழ்வைக் கண்ணால் அளந்தறிந்த வித்தையைத்தான் பாமர ஜனங்கள் பாம்பின்மேல் ஏற்றிச் சொன்னார்கள் போலும்.

ஆகவே கோணல் என்பதற்கு வளைவு, குற்றம் என்ற பொருள்களோடு அமைந்துவிடும் அகராதிகள், நீரை மேட்டிலேயே நிறுத்தி நெடுந்தூரம் கொண்டு செல்லும் அமைப்பு என்ற உழவர் பொருளையும் சேர்த்துக் கொள்வதே நியாயம்.