பெண்களுக்கு வரும் பிறப்புறுப்பு ஹெர்பிஸ்: மறைக்க வேண்டிய நோயல்ல

சர்க்கரை, பிரஷர் என்றால் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறோம். மறைவிடத்தில் புண் என்றால் பெற்ற தாயிடம்கூடச் சொல்வதில்லை. கம்பம், உத்தமபாளையம், போடி என்று நம் பக்கத்து ஊர்களில் இதை 'உடம்புச் சூடு' என்று இளநீர் குடித்துச் சமாளிப்பவர்களும், 'அக்கி' என்று காவி பூசுபவர்களும் உண்டு. அக்கி, சின்னம்மை வைரஸால் வருவது. இது வேறு.

என்ன நோய் இது?

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸால் வருகிறது. இதில் இரண்டு வகை உண்டு. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் முதல் வகையும் பிறப்புறுப்பைப் பாதிக்கலாம். உலகில் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 84 கோடிக்கும் அதிகமானோருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

அறிகுறிகள்

வைரஸ் தொற்றிய 2 முதல் 12 நாட்களில் சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக வந்து, உடைந்து புண்ணாகும். சிறுநீர் கழிக்கும்போது கடும் எரிச்சல், காய்ச்சல், தொடை இடுக்கில் நெறிகட்டுதல் இருக்கும். முதல் முறை ஆற இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். பிறகு வைரஸ் நரம்பில் தங்கி, அவ்வப்போது திரும்பி வரும். அப்போது வேதனை குறைவாக இருக்கும்.

சந்தேகம் வேண்டாம்

நெருக்கமான உடலுறவால் பரவும் நோய் இது. கழிப்பறை, துண்டு, குளிக்கும் தண்ணீர் மூலம் பரவாது. ஆனால் வைரஸ் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்து, பிறகு புண்ணாக வரலாம். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது வந்தது என்று புண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே இதை வைத்து மனைவியையோ கணவனையோ குற்றம் சாட்டுவதும், தலாக் வரை போவதும் அநியாயம். ஆதாரமின்றி ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பழிப்பதை மார்க்கம் பெரும்பாவமாகவே சொல்கிறது.

சிகிச்சை

வைரஸை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அசைக்ளோவிர் மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கினால் புண் விரைவில் ஆறும். அடிக்கடி வருபவர்களுக்குத் தினசரி மாத்திரையும் தருவார்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பைப் பூசாதீர்கள். சிபிலிஸ் புண்ணும் இதேபோல் தோன்றலாம் என்பதால் இரத்தப் பரிசோதனையும் அவசியம். எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை ஹெர்பிஸ் அதிகரிக்கும் என்பதால் அதற்கும் பரிசோதிப்பது நல்லது. புண் இருக்கும்போது தாம்பத்தியத்தைத் தவிர்க்க வேண்டும். மற்ற நாட்களில் ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், முழுவதும் தடுக்காது.

கர்ப்பிணிகள் கவனத்திற்கு

பிரசவத்துக்கு நெருங்கிய மாதங்களில் முதன்முறையாகத் தொற்றினால்தான் குழந்தைக்கு ஆபத்து மிக அதிகம். பிறந்த குழந்தைக்கு மூளைக் காய்ச்சல்கூட வரலாம். முன்பே நோய் இருந்த தாய்க்கு ஆபத்து மிகக் குறைவு. எனினும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கடைசி வாரங்களில் மாத்திரை தருவார்கள். வலி வரும்போது புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள்.

எங்கே போவது?

க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல், பால்வினை நோய்ப் பிரிவும் மகளிர் பிரிவும் உள்ளன. பெரியகுளம் அரசு தலைமை மருத்துவமனையையும் அணுகலாம். அரசின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் ரகசியமாகக் காக்கப்படும். 1097 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். பெண் டாக்டர் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள்.

ஏலத்தோட்டத்துக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் போகும் சகோதரிகளுக்கு ஒரு நாள் கூலியை விடுவது சிரமம்தான். ஆனால் சும்மா இருந்து வேதனைப்படுவது அதைவிடச் சிரமம். தாய்மார்களே, மகளோ மருமகளோ தயங்கித் தயங்கிச் சொல்ல வந்தால், திட்டாமல் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு அவளுடன் துணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.