ஆல்பியன்: இரும்புக்கையாரை ஜெயில்ல பார்க்கணுமா?

மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூணு பேரும் ஒரே கதையில வந்தா வாங்குவீங்களா? திருத்தணி மலையோட 365 படியையும் ஒரே மூச்சுல ஏறுன வயசுல கேட்டிருந்தா, நான் விலையைக்கூட பார்த்திருக்க மாட்டேன்.

அப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கு மக்களே. பேரு 'ஆல்பியன்'. 2005-06ல டிசியோட வைல்ட்ஸ்டார்ம் ஆறு இதழா போட்டது. கதைக்கரு ஆலன் மூர். எழுதினது அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும்.

1962ல லண்டன் 'வேலியன்ட்' இதழ்ல ஆரம்பிச்ச லூயிஸ் கிராண்டெல்தான், 1972ல சிவகாசி முத்து காமிக்ஸோட முதல் இதழ்ல நம்ம இரும்புக்கை மாயாவி ஆனார். கூர்மண்டையர் ஸ்பைடரும் சட்டித்தலையன் ஆர்ச்சியும் 1984ல தொடங்குன லயன் காமிக்ஸ் வழியா வந்தவங்க. எங்க ஊர்ல வீட்ல தெலுங்கு பேசுற பசங்களுக்கும் மாயாவி தமிழ்லதான் பேசுவார் :-)

ஆல்பியன்ல இவங்களையெல்லாம் பிரிட்டிஷ் அரசாங்கம் ரகசியச் சிறையில அடைச்சு வச்சிருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தமிழுக்கே வராத பழைய பிரிட்டிஷ் பாத்திரங்கள் கூட்டம் கூட்டமா வருது. நமக்கு யார் யாருன்னே புரியாது. மாயாவிக்குக் கிடைச்ச இடம் எனக்குப் பத்தல. மின்சாரம் பாய்ஞ்சதும் உடம்பு மறைஞ்சு கை மட்டும் தெரியுமே, ஹெசூஸ் பிளாஸ்கோவோட கறுப்பு வெள்ளையில? அந்தத் திகில் இதுல இல்லவே இல்ல.

பழைய கதைகளை ரெபெல்லியன் 2021ல தொகுப்பா போட்டிருக்காங்க. சூப்பர்மேனைப் படைச்ச ஜெர்ரி சீகல் ஸ்பைடருக்கும் எழுதியிருக்கார், தெரியுமில்ல? காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா என் ஓட்டு அதுக்குத்தான். ஆல்பியன் ஓசியில கிடைச்சா விடாதீங்க.