சுங்கக் கோட்டையும் தோட்ட வீடும்

நான் டிப்ளமோ படித்த நர்ஸ். நாங்கள் படித்த காலத்தில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊர்ப்பெயர் ஒரே வரியில் வரும்: ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பயிற்சி பெற்ற இடம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துவிட்டேன். அதே ஊரில் ஒரு பேரரசரின் கோட்டை இடிந்து நிற்கிறது என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இன்று அந்த இரண்டையும் சேர்த்துப் பேசப் போகிறேன்.

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் இந்த ஊர் இப்போது டியூசல்டோர்ஃப் நகரத்தின் ஒரு பகுதி. அந்தக் காலத்தில் அது ஆற்றுத் தீவு. சுமார் 700-இல் பிராங்க் ஆட்சியாளர் பிப்பின் அங்கிருந்த பண்ணையை, இங்கிலாந்திலிருந்து வந்த சுவிட்பெர்ட் என்ற துறவிக்குக் கொடுத்தார். கொடுக்கச் சொல்லிக் கேட்டது அவர் மனைவி பிளெக்ட்ரூட். நம் கல்வெட்டுகளில் பள்ளிச்சந்தம் என்று வருமே, அதுபோன்ற கொடை. அந்த நிலத்தில் மடம் எழுந்தது. பிறகு அரசர்களின் மாளிகையும் வந்தது.

1062-இல் அங்கே ஒரு கடத்தல் நடந்தது. அரசன் நான்காம் ஹென்றிக்கு அப்போது 11 வயது. விதவையான தாய் ஆக்னஸ் அவனுக்காக ஆட்சி நடத்திவந்தார். கொலோன் பேராயர் அன்னோ, அலங்கரித்த படகைக் காட்டுகிறேன் என்று பையனை ஏற்றிக்கொண்டு துடுப்புப் போடச் சொல்லிவிட்டார். பயந்துபோன பையன் ஆற்றில் குதித்தான். எக்பெர்ட் என்ற பிரபு பின்னாலேயே குதித்துக் காப்பாற்றினார். ஆனால் பையனைத் தாயிடம் திருப்பித் தரவில்லை. ஆட்சி ஆக்னஸின் கையைவிட்டுப் போனது.

1174-இல் பேரரசர் பார்பரோஸா ரைன் நதிச் சுங்கத்தை இங்கே மாற்றினார். போகிற வருகிற படகெல்லாம் பணம் கட்ட வேண்டும். மாளிகையைக் கோட்டையாகக் கட்டி, நீதியும் அமைதியும் நிலைக்கவே கட்டியதாக 1184 என்று ஆண்டு போட்டுக் கல்லிலும் வெட்டிவைத்தார். 1702-இல் ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஊர்க்காரர்கள் கல்லை எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள்.

1822-இல் தியோடோர் ஃப்ளீட்னர் என்ற இளம் போதகர் அங்கே வந்தார். சபை ஏழைச் சபை. ஊரின் வெல்வெட் ஆலையும் நொடித்துப்போனது. நாடு நாடாகப் போய்க் காணிக்கை திரட்டினார். 1833-இல் சிறையிலிருந்து விடுதலையான ஒரு பெண்ணுக்குத் தன் தோட்டத்துச் சின்ன வீட்டில் இடம் கொடுத்தார். 1836-இல் அவரும் மனைவி ஃப்ரீடெரிகேயும் டீக்கனஸ் பயிற்சி இல்லமும் மருத்துவமனையும் தொடங்கினார்கள். மணமாகாத பெண் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்குப் போனால் கேவலமாகப் பேசிய காலம் அது. அந்த வேலைக்குப் பயிற்சியும் உடுப்பும் முதுமையில் ஒரு வீடும் கிடைக்கும் என்று இவர்கள் காட்டினார்கள்.

1851-இல் நைட்டிங்கேல் வந்து சுமார் மூன்று மாதம் தங்கினார். பிற்காலத்தில் அவர் ஒளிக்காமல் எழுதினார்: அங்கே நர்சிங் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, சுகாதாரம் படுமோசம், ஆனால் அதைவிடத் தூய அர்ப்பணிப்பை எங்கும் பார்த்ததில்லை.

நமக்கு இரண்டும் வேண்டும். அர்ப்பணிப்பு இருக்கிறதே என்று கை கழுவாமல் கட்டுப்போட்டால் புண் சீழ்பிடிக்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் இப்போது அந்த ஒரு வரியோடு நிறுத்துவதில்லை. இதையும் சேர்த்தே சொல்கிறேன்.