தோட்டத்து மருந்தறையும் பள்ளி அறையும்

நமது மலைநாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோப்பியில் தொடங்கித் தேயிலையில் முடிப்பர். ஜோர்ஜ் பேர்ட் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டம் திறந்த செய்தியும், ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட செய்தியும் பாடப்புத்தகங்களில் உள. அவற்றை நானும் படித்தேன். பரீட்சையில் எழுதிப் புள்ளிகளும் பெற்றேன். ஆயினும், அத்தோட்டங்களில் ஒரு பிள்ளை பிறந்தால் அதன் உயிருக்குப் பொறுப்பாக நின்றவர் யார், அப்பிள்ளைக்கு ஆறு வயதானபோது எழுத்தறிவித்தவர் யார், அவ்விருவருக்கும் சம்பளம் கொடுத்தவர் யார் என்னும் மூன்று கேள்விகளுக்கு அப்புத்தகங்களில் விடை காணேன். பழைய அறிக்கைகளைத் துருவிய ஆராய்ச்சியாளர் சிலரே அதனைத் தேடித் தந்துள்ளனர். அவர்கள் கண்டவற்றை இம்மலரின் வாசகர்களாகிய இளைஞர்க்கும் பெரியோர்க்கும் இயன்றவரை எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதலில், கணக்கே இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை நோக்கி நடந்து வந்தனர். வழியில் வாந்திபேதியாலும் அம்மையாலும் பசியாலும் மடிந்தோர் எத்தனை பேர்? 1849 இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை, 1841 தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் எழுபதினாயிரம் பேர் இறந்தனர் என எழுதிற்று. பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் இத்தொகை மிகை என்பர். வேறு சிலர் பெரிதும் பிழையன்று என்பர். வந்தவர்களை எண்ணிய துறைமுகத்தில் திரும்பிச் சென்றவர்களைச் சரியாக எண்ணவில்லை. அதனால் திரும்பாதவர் அனைவரும் இறந்தவர்தாமா என்பதை இன்று நிச்சயிக்க முடியாது. ஒரு கோப்பி மூட்டை குறைந்தால் கணக்குப் புத்தகத்தில் தெரிந்துவிடும் காலம் அது என்பதை மட்டும் ஈண்டு நினைவூட்டி அப்பாற் செல்கின்றேன்.

1872 இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகளுக்கு வைத்தியரும் வைத்தியசாலையும் வேண்டும், அதன் செலவைத் தோட்டங்களே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டந்தான். ஆனால் செலவு யார் தலையில் விழுகிறதோ அவரே நோயாளியை அனுப்ப வேண்டியவர் என்றால் என்ன நடக்கும்? நோய் முற்றிய பின்னரே பலர் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டனர். அங்கு வந்து சேர்ந்தவுடன் இறந்தவர்களைக் கண்ட வைத்தியர்கள் துரைமாரையும், மரணத் தொகை கூடுவதைக் காட்டித் துரைமார் வைத்தியசாலைகளையும் குறை கூறினர். அக்காலத்தில் அரசாங்கத் தலைமை வைத்தியராயிருந்த கின்சி என்பார் 1887 இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். மலைகளில் பலரை வாட்டிய இரத்தசோகையையும் ‘பெரிபெரி’ நோயையும் ஒருசேர வைத்துப் பேசியது அது. உண்மைக் குற்றவாளியாகிய கொக்கிப்புழு மண்ணிலேயே மறைந்து கிடந்தது.

1912 இல் இச்சட்டம் புதுப்பிக்கப்பட்டது. அதனோடு தொழிலாளர் நோய்கள் பற்றிய மற்றொரு சட்டமும் வந்தது. லயங்களைச் சுத்தமாக வைத்திருத்தல், நோயாளியைக் கண்டறிதல் ஆகியன தோட்டத்துரையின் கடமைகளாயின. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முப்பது நாள் உணவும் உறைவிடமும் அளிக்க வேண்டும். வைத்தியர் தகுதி கூறினாலன்றி அந்நாட்களில் அவளை வேலைக்கு அழைக்கலாகாது. இதனைப் படித்தபோது எனக்கு வியப்பே உண்டாயிற்று. நாடு முழுவதற்குமான பிரசவ சகாயச் சட்டம் 1939 இலேதான் வந்தது. தோட்டத்துத் தாய்க்குத் தாளளவிலேனும் இருபத்தேழு ஆண்டுகள் முன்னரே உரிமை இருந்திருக்கிறது! அத்தாளை அவளுக்கு வாசித்துக் காட்டுவதற்கு ஆள் இருந்ததா என்பது வேறு விஷயம்.

இனி, ஆராய்ச்சி என்னும் சொல்லுக்கு முழுத் தகுதியுடைய ஒரு நிகழ்ச்சிக்கு வருவோம். அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த விக்டர் ஹைசர் இலங்கைக்கு வந்து பார்வையிட்டதன் பயனாக, 1916 இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கிற்று. சோதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் புழு இருக்கக் கண்டனர். வெறுங்காலுடன் ஈரமண்ணில் நிற்பவரின் பாதத் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலிற் பற்றி இரத்தத்தைக் குடிப்பது அதன் இயல்பு. காலை முதல் மாலை வரை கொழுந்து மலையில் வெறுங்காலுடன் நின்ற நம் பாட்டிமாரை அது தேடிச் செல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவர்களே அதனிடம் சென்றனர்.

கினப்போடியம் என்னும் எண்ணெயை மருந்தாகக் கொடுத்தனர். அது வயிற்றைப் புரட்டும் கொடிய மருந்து. குடிக்க மறுத்தவர் பலர். குடித்தவர்களின் புழு வெளியேறியது, உடம்பில் இரத்தம் ஊறியது. சில மாதங்களில் மீண்டும் புழு ஏறியது. ஏன்? லயத்துக்கு மலசலகூடம் இல்லை. மண் மாறாதிருக்க உடம்பை மட்டும் மாற்றி என்ன பயன்? மலசலகூடம் கட்டுங்கள் என்று நிறுவனத்தார் வற்புறுத்தினர். அச்செலவுக்குத் தோட்டக்காரர் பலர் உடன்படவில்லை. வேலைநாள் வீணாகாதிருக்கப் புழுவை அகற்றுவது அவர்களுக்கு இலாபம். கட்டடம் எழுப்புவதோ செலவு. பேராசிரியர் சோம ஹேவா இவ்வரலாற்றை அந்நிறுவனத்தின் சொந்த ஆவணங்களைக் கொண்டே 1995 இல் நூலாக எழுதினார். அவர் காட்டும் முடிவு நம்மவர் அறியத்தக்கது: தோட்டத்தில் கிடைத்த தோல்வியிலிருந்து பாடங்கற்ற அந்நிறுவனம், மருந்து கொடுப்பதைக் காட்டிலும் நோய் வராது காக்கும் முறையே சிறந்தது எனக் கண்டு, 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்க அரசாங்கத்துக்குத் துணைநின்றது. மருத்துவமாதும் சுகாதாரப் பரிசோதகரும் வீடு வீடாகச் செல்லும் அம்முறைதான் பின்னர் இலங்கைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. பாடம் தந்தது தோட்டம். பயன் முதலிற் பெற்றது கிராமம். சுகாதாரப் பிரிவுகள் நாடெங்கும் பரவியபோது, தோட்டம் துரையின் பொறுப்பு என்று கூறி வேலிக்கு வெளியிலேயே நின்றன.

கல்வியின் கதையும் இதே அச்சில் வார்த்ததே. முதலில் லய வாசலிலோ கோயில் மண்டபத்திலோ இரவில் ஒருவர் எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தார். 1854 இல் தோன்றிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டந்தோறும் சென்று பள்ளிகள் வைத்தது. (பெயரைக் கேட்கும்போது இன்று மனம் சுளிக்கிறது, ஆயினும் மிஷன் பாடசாலையில் எழுத்துக் கற்ற நான் அவர்கள் ஏற்றிய விளக்கை மறைத்து எழுதினால் அது நன்றியாகாது.) 1907 ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதையும் தக்க அறை ஒன்று வைப்பதையும் தோட்டத்தின் கடமையாக்கியது. 1920 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையைக் காலை பத்து மணிக்கு முன் வேலையில் அமர்த்தலாகாது என்றது. அன்பர்களே, இவ்விதியைச் சற்று நின்று நோக்குங்கள். பத்து மணிக்குப் பின்பு? சட்டம் அதைப் பற்றிப் பேசவில்லை. பிரட்டுக் களத்திற்கும் பள்ளிக்கும் இடையே பிள்ளையின் நாளைப் பாகம் பிரித்துக் கொடுத்ததே அன்றி வேறில்லை.

என் பாட்டி படித்த தோட்டப் பாடசாலையின் பழைய சேர்விடாப்பைச் சென்ற ஆண்டு பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. சேர்ந்த தேதி, வகுப்பு, தகப்பன் பெயர், லயத்தின் எண் எல்லாம் அழகிய கையெழுத்தில் இருந்தன. விலகிய காரணம் என்ற பத்தியில் இரண்டே சொற்கள்: ‘பேர் பதிந்தது’. அப்பக்கம் முழுவதும் வரிக்கு வரி அதே இரு சொற்களை உபாத்தியாயர் எழுதியிருந்தார். பின்னர் எழுதச் சலிப்புற்றார் போலும். மேலுள்ளதைப் போல என்னும் இரட்டைக் குறியை மட்டும் இட்டுக்கொண்டே போயிருந்தார். வீடு திரும்பிப் பாட்டியிடம் சொன்னேன். “வாத்தியார் நல்லவரு, அடிக்கமாட்டாரு” என்றார், அவ்வளவே.

1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி மலர்ந்தது. பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை கட்டணமில்லை என்ற அம்மாபெரும் மாற்றம், துரையின் அறைக்குள் ஐந்தாம் வகுப்போடு நின்ற பிள்ளையை எட்டவில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அப்பிள்ளையின் தகப்பனிடமிருந்து பிரஜாவுரிமையையும், 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பறித்தன. வாக்கில்லாதவன் ஊரில் பள்ளி கேட்டு மனுப்போட்டால் கேட்பவர் யார்? 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கப்பட்டன. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின், இன்றோ நாளையோ கப்பலேற வேண்டியவன் என்று கருதப்பட்ட பிள்ளைக்குக் கட்டடம் கட்ட எவரும் முன்வரவில்லை. தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான பின், 1977 முதல் படிப்படியாக இப்பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ் வந்தன. 1986 இலிருந்து சுவீடன் நாட்டுச் ‘சீடா’ நிறுவனம் கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உதவியது; ஜெர்மன் நாட்டுதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகளே பயிற்சி பெற்று ஆசிரியராய்த் தோட்டத்திற்குத் திரும்பினர்.

இம்மாற்றத்தை ஆராய்ந்த லண்டன் பல்கலைக்கழகத்து ஆஞ்செலா லிட்டில் அம்மையார் 1999 இல் வெளியிட்ட நூலில், தோட்டக் கல்வியின் வளர்ச்சியைத் தோட்டத்துக்குள் மட்டும் பார்த்தால் விளங்காது, குடியுரிமையும் நாட்டின் அரசியலும் உலகச் சந்தையும் சேர்ந்தே அதனைத் தடுத்தன, சேர்ந்தே பின்னர் தள்ளிவிட்டன என்று காட்டினார். அவருக்கு முன்னரே, 1977 இல், ஜோர்ஜ் ஞானமுத்து என்பார் இப்பொருளில் நூல் எழுதியிருந்தார். தமிழில் எழுதியவர்களுள் பேராசிரியர் சோ. சந்திரசேகரனைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

இனிக் கல்வியையும் வைத்தியத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பள்ளி அரசாங்கத்தின் கைக்கு வந்தது. மருந்தறை முழுமையாக வரவில்லை. தோட்ட வைத்தியசாலைகளில் சிலவற்றை மட்டுமே அரசாங்கம் ஏற்றது. தோட்டங்களை 1992 இல் கம்பனிகள் நிர்வகிக்கத் தொடங்கியபின் சுகாதார வேலை ஒருபுறம் கம்பனிக்கும், ஒருபுறம் ‘ட்ரஸ்ட்’ என்று நம்மவர் அழைக்கும் நிதியத்துக்கும், ஒருபுறம் சுகாதார அமைச்சுக்கும் எனப் பங்காயிற்று. சிசு மரணம் வெகுவாகக் குறைந்தது மெய். குடும்பநல மருத்துவமாது இன்று லயத்துக்கும் வருகிறார். ஆனால் பிள்ளையின் உயரம் வேறு கதை சொல்கிறது. வட மாகாணம் நீங்கலாக 2006–07 இல் நடந்த குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேர் வயதுக்கேற்ற உயரம் அற்றவர்கள். நாட்டின் சராசரி ஏறக்குறைய 18. 2016 ஆம் ஆண்டு ஆய்வில் தோட்டத்தில் 31.7, நாட்டில் 17.3. நாட்டுச் சராசரி பத்தாண்டில் அசையவில்லை, நமது எண் இறங்கியிருக்கிறது என்று ஆறுதல் கொள்வோரும் உளர். பத்தாண்டுக்கு எட்டு என்ற வேகத்தில் இறங்கினால் சராசரியை அடைய இன்னும் எத்தனை ஆண்டு என்று கணக்கிடப் பெருங் கணிதம் வேண்டியதில்லை.

உயரம் ஒரு தலைமுறைச் சங்கதியன்று. குட்டையான தாய் எடை குறைந்த பிள்ளையைப் பெறுகிறாள். அப்பிள்ளை பிள்ளை மடுவத்தில் வளர்ந்து, தாயின் அளவிலேயே நிற்கிறது. வகுப்பறையில் பின்வாங்கும் மாணவனைப் ‘படிப்பு ஏறாதவன்’ என்று எழுதும் ஆசிரியர், அவனது பிறப்பு எடை பதிந்த அட்டையைப் பார்ப்பதில்லை. அட்டையை வைத்திருக்கும் மருத்துவமாது அவனது பரீட்சைப் பெறுபேற்றைப் பார்ப்பதில்லை. உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்க வசதியுள்ள தமிழ்ப் பாடசாலைகள் அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் மிகச் சிலவே என்பதையும் இதனுடன் சேர்த்து எண்ணவேண்டும். ஏனெனில் வைத்தியராக வரவேண்டிய தோட்டத்துப் பிள்ளை அந்த வாசலிலேதான் வடிகட்டப்படுகிறது.

இவ்விரு பதிவுகளையும் ஒருவருக்கொருவர் இணைத்து ஆராய்வது இன்றைய மாணவருக்குக் கைகூடும் வேலை. மூலப் பொருள் தோட்டங்களிலேயே கிடக்கிறது. பழைய சேர்விடாப்புகள், தலைமையாசிரியர் எழுதிய சம்பவத் திரட்டுகள், மருந்தறையின் நோயாளர் புத்தகங்கள், பிள்ளை மடுவத்து நிறைக் கணக்குகள் ஆகியவை பாடசாலை அலுமாரிகளிலும் தோட்டக் காரியாலயங்களிலும் செல்லரிக்கின்றன. நான் பார்த்த சேர்விடாப்பின் முதற் பன்னிரண்டு பக்கங்களை ஈரம் தின்றுவிட்டது. மீதியைத் தலைமையாசிரியரின் அனுமதியுடன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துள்ளேன். பாட்டியின் பெயர் இருபத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.