பெர்லின் டாடா இயக்கமும் பெண்ணுரிமையும்

பெர்லின் டாடா, முதல் உலகப்போரின் இறுதியில் 1918இல் உருவாகி, அதிகாரம், இராணுவம், நடுத்தர வர்க்கக் குடும்பம் ஆகியவற்றைத் தாக்கிய ஜெர்மானியக் கலை இயக்கம். ரிச்சர்ட் ஹுல்சென்பெக், ராவுல் ஹவுஸ்மன், கியார்க் கிராஸ், ஜான் ஹார்ட்ஃபீல்ட் ஆகியோர் இதன் முன்னணியினர். குழுவின் மையத்தில் இயங்கிய ஒரே பெண் ஹன்னா ஹோஹ் (1889–1978). பெண் விடுதலையைப் பேசிய ஆண்கள் அதைத் தங்கள் குழுவுக்குள் நடைமுறைப்படுத்தவில்லை. இயக்கத்தின் உண்மையான பெண்ணியச் சிந்தனையை அறிக்கைகளில் தேடிப் பயனில்லை. அது ஹோஹின் படைப்புகளில்தான் இருக்கிறது.

ஹவுஸ்மன் 1919இல் எழுதிய கட்டுரைகளில் தந்தைவழிக் குடும்பத்தையும் பெண்ணைச் சொத்தாக்கும் திருமணத்தையும் கண்டித்தார். அதே காலத்தில் அவர் மனைவியைப் பிரியாமலேயே 1915 முதல் 1922 வரை ஹோஹுடன் உறவில் இருந்தார். இது தனிவாழ்க்கை, இயக்கத்தை எடைபோட இது எதற்கு என்று கேட்கலாம். ஆனால் 1920 கோடையில் பெர்லினில் நடந்த முதல் சர்வதேச டாடா கண்காட்சி பொது நிகழ்வு. அதில் ஹோஹ் பங்கேற்பதை கிராஸும் ஹார்ட்ஃபீல்டும் எதிர்த்தனர். தன் படைப்புகளையும் விலக்கிக்கொள்வேன் என்று ஹவுஸ்மன் மிரட்டிய பிறகே ஹோஹுக்கு இடம் கிடைத்தது. பல்லாண்டுகள் கழித்து நினைவுநூல் எழுதிய டாடா கலைஞர் ஹான்ஸ் ரிக்டரும், காசில்லாத நாட்களில் சாண்ட்விச்சும் பீரும் காபியும் ஏற்பாடு செய்தவராகவே அவரை நினைவுகூர்ந்தார்.

இந்த மனப்போக்கை ஹோஹ் அறியாதவர் அல்லர். 1920 வாக்கில் எழுதிய ‘ஓவியர்’ என்ற சிறுகதையில், பாத்திரம் கழுவ நேர்ந்ததைப் பேரவமானமாகக் கருதும் ஒரு மேதையை அவர் நையாண்டி செய்தார். அதைவிட ஆழமானது, சமையலறைக் கத்தியைத் தலைப்பிலேயே ஏந்திய அவரது பெரிய ஒட்டுப்படம். உல்ஸ்டைன் பதிப்பகத்தில் பூத்தையல் மாதிரிகள் வரையும் வேலையில் இருந்த அவர், பத்திரிகைப் படங்களை வெட்டி அதைச் செய்தார். ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் தலை, நடனக் கலைஞர் நிடி இம்பெகோவனின் உடலுக்கு மேலே மிதக்கிறது. வலது கீழ்மூலையில், பெண்களுக்கு வாக்குரிமை தந்த நாடுகளைக் காட்டும் சிறிய ஐரோப்பிய வரைபடம். அதன் விளிம்பில் ஹோஹின் சொந்த முகம். வீட்டு வேலைக் கருவி அரசியல் கருவியாகிறது. பெண் தன் கையெழுத்தை இட்ட இடமும் வாக்குரிமை வரைபடம்தான்.

அந்த ஆண்கள் அவர்கள் காலத்து மனிதர்கள், வேறென்ன எதிர்பார்ப்பது என்ற வாதம் இங்கே நிற்காது. ஜெர்மானியப் பெண்கள் 1918 நவம்பரில் வாக்குரிமை பெற்று, 1919 ஜனவரியில் வாக்களித்தும் விட்டனர். காலம் முன்னே போயிருந்தது. காலத்தையே கவிழ்க்கப் புறப்பட்டவர்கள்தான் இவ்விஷயத்தில் பின்தங்கினர். கண்காட்சியில் கடைசியில் இடம் கொடுத்தார்களே என்பதும் போதாது; ஓர் ஆணின் மிரட்டலால் கிடைத்த இடத்தைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது.

நாஜிகள் நவீனக் கலையை ஒடுக்கியபோது, பெர்லின் புறநகரான ஹைலிகென்சேயில் 1939இல் வாங்கிய வீட்டில் ஹோஹ் தன் படைப்புகளோடு தோழர்களின் படைப்புகளையும் கடிதங்களையும் மறைத்துவைத்தார். பெர்லின் டாடாவின் வரலாற்றை எழுத இன்று கிடைக்கும் சான்றுகளில் கணிசமானவை அவ்வாறு பிழைத்தவை.