மழையும் அடையாளமும்

மாரி என்றால் மழை. எங்கள் தெமோதரைப் பகுதித் தோட்டங்களிலே வானம் பொய்த்தாலும், அம்மை கண்டாலும், நம்மவர் முறையிடுவது மாரியம்மனிடமே. அவ்விரு துன்பங்களும் கண்டி இராச்சியத்தில் ஒரு கத்தோலிக்கத் துறவியின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கின்றன.

கோவாவில் 1651இல் பிறந்தவர் யோசே வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். 1692இல் போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் கண்டியில் சிறைவைக்கப்பட்டார். பின்னர் கடும் வரட்சி வந்தபோது, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் வேண்ட, அவர் சிலுவை நாட்டிச் செபித்தார் என்றும், கொட்டிய மழையில் அவர் மட்டும் நனையவில்லை என்றும் கத்தோலிக்க மரபு கூறும்.

1697இல் கண்டியைப் பெரியம்மை தாக்கியது. உற்றாரே நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அடிகளாரோ அவர்களுக்கு உணவூட்டிப் பணிவிடை செய்தார், இறந்தோரை அடக்கஞ்செய்தார். மதம் பார்க்கவில்லை.

யோவானின் நற்செய்தி இயேசுவின் அற்புதங்களை ‘அடையாளங்கள்’ என்றே அழைக்கிறது. புகையிரதக் கைகாட்டியை வியந்து நிற்க யாரும் போவதில்லை. வண்டி வரும் சேதியையே அதிலே பார்க்கிறோம். அற்புதமும் அப்படியே.

2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அடிகளாரைப் புனிதராக்கியபோது, வழக்கமாகக் கோரப்படும் இரண்டாவது அற்புதத்துக்கு விலக்களித்தார். மழை பெய்ததா என்று வாதிடுவோர் வாதிடட்டும். தொற்றுக்கு அஞ்சாது நோயாளியின் பாயருகே அமர்ந்தவரை எவர் மறுப்பார்? சைவனாகிய நானும் அந்த அடையாளத்தின் முன் தலைவணங்குகிறேன்.