தேர்வுக்கான பாடமா, ஆட்சிக்கான படிப்பா?

பாலம் கட்டப் பொறியியல் படித்தவர் வேண்டும். நோய் தீர்க்க மருத்துவம் படித்தவர் வேண்டும். வழக்காடச் சட்டம் படித்தவர் வேண்டும். ஆனால், அந்தப் பாலத்துக்கு நிதி ஒதுக்கி, அந்த மருத்துவமனைக்குப் பணியாளரை நியமித்து, அவற்றின் வரவு செலவுக்குப் பொறுப்பேற்கும் அரசு அலுவலகத்தை நடத்துவதற்கு மட்டும் ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்று நெடுங்காலமாகக் கருதி வருகிறோம். நிர்வாகம் என்பது பணியில் சேர்ந்த பிறகு பழக்கத்தால் வருவது. அதைத் தனியே படிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் கற்றவர்களிடையேயும் உண்டு.

பொது நிர்வாகவியல் முதுகலை வகுப்புகளில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில், இந்த எண்ணத்தின் விளைவை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று முதல் வகுப்பில் கேட்பது என் வழக்கம். பெரும்பாலோரின் விடை ஒன்றே: குடிமைப் பணித் தேர்வு. அரசு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய வந்தேன் என்று சொல்பவர் அரிது.

மாணவர்களைக் குறைகூறிப் பயனில்லை. 1987-ஆம் ஆண்டில் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் பொது நிர்வாகத்தை விருப்பப் பாடமாகச் சேர்த்தது. பொது அறிவுத் தாள்களுக்கும் அது துணைசெய்ததால் தேர்வர்கள் அதை நாடினர். 2013-இல் தேர்வுமுறை மாறி, இரண்டு விருப்பப் பாடங்கள் ஒன்றாகக் குறைந்தன. அறநெறி குறித்த தாள் ஒன்று பொதுவாகவே அனைவருக்கும் வந்தது. அதன்பின் பொது நிர்வாகத்தின் மீதிருந்த ஈர்ப்பு தணிந்தது. ஒரு கல்வித் துறையின் ஏற்றமும் இறக்கமும் ஒரு தேர்வின் விதிகளைச் சார்ந்திருப்பது அத்துறைக்கும் நல்லதன்று, நாட்டுக்கும் நல்லதன்று.

இத்துறையின் வரலாறு அத்தனை எளியதன்று. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன், பேராசிரியராக இருந்தபோது 1887-இல் எழுதிய கட்டுரை ஒன்றே நவீனப் பொது நிர்வாகவியலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 1924-இல் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ்வெல் கல்லூரி தோன்றியது. 1936-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பொது நிர்வாகத்துக்கென முதுநிலைக் கல்விக்கூடம் அமைத்தது; இன்று கென்னடி பெயரால் அறியப்படுவது அதுவே.

நாமும் பிந்தியவர்கள் அல்லர். சென்னைப் பல்கலைக்கழகம் 1937-இலேயே பொது நிர்வாகத்தில் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் நாகபுரிப் பல்கலைக்கழகத்தில் தனித் துறை உருவானது. அமெரிக்க அறிஞர் பால் ஆப்பிள்பி 1953-இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1954-இல் தில்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவராக இருந்தவர் பிரதமர் நேரு.

இவ்வளவு முன்னதாகத் தொடங்கியும், படித்தவருக்கும் பணிக்கும் இடையே பாலம் அமையவில்லை. அதற்கான காரணத்தைக் காலனி ஆட்சிக் காலத்தில் தேட வேண்டும். கிழக்கிந்திய கம்பெனி தன் அலுவலர்களை முதலில் படிக்க வைத்தே பணிக்கு அனுப்பியது. 1806-இல் தொடங்கப்பட்டு இங்கிலாந்தின் ஹெய்லிபரியில் இயங்கிய கல்லூரியில் பொருளியல் கற்பித்தவர், மக்கள்தொகைக் கோட்பாட்டால் புகழ்பெற்ற மால்தஸ். சென்னையில் எல்லிஸ் முயற்சியால் 1812-இல் தொடங்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, இளம் அலுவலர்களுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பித்தது.

ஆனால், இயக்குநர்களின் பரிந்துரை பெற்றவர்களே ஹெய்லிபரியில் சேர முடிந்தது. அந்தச் சலுகையை ஒழிக்க, 1854-இல் மெக்காலே குழு போட்டித் தேர்வை முன்வைத்தது. எந்தத் துறையிலேனும் சிறந்து விளங்குபவர் எந்தப் பணியிலும் சிறப்பார் என்பது அதன் அடிப்படை. 1855-இல் தேர்வு வந்தது. 1858-இல் ஹெய்லிபரி மூடப்பட்டது. சலுகையை ஒழித்தது பெரிய சீர்திருத்தம் என்பதில் ஐயமில்லை. எனினும், முன்கூட்டியே நிர்வாகம் கற்பது என்ற வழக்கமும் அதனுடன் சேர்ந்தே போயிற்று. ஆட்சி மாறியும் அந்த மரபு மாறவில்லை.

அப்படி என்னதான் கற்பிக்கிறது இப்படிப்பு? ஒரேயோர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் வேலைவாய்ப்பைப் பெருக்க மத்திய அரசு அறிவித்த திட்டம் ஏன் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்று பிரெஸ்மன், வில்டாவ்ஸ்கி என்ற இருவர் ஆராய்ந்து 1973-இல் நூல் வெளியிட்டனர். திட்டத்தை யாரும் எதிர்க்கவில்லை, பணமும் இருந்தது. ஆனால், பலரின் ஒப்புதல் பல படிகளில் தேவைப்பட்டது. இதை ஓர் எளிய கணக்காகப் பார்க்கலாம். ஒரு கோப்பு பத்துப் படிகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் அது தடையின்றி நகர 90 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று கொள்வோம். பத்துப் படிகளையும் தடையின்றிக் கடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடுதான். நல்ல திட்டங்கள் தீய எண்ணம் உடையவர்களால் மட்டுமே கெடுவதில்லை; அமைப்பின் கட்டுமானத்தாலும் கெடும்.

இதன் மறுபக்கத்துக்கு நம் மாநிலமே சான்று. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் நிலைத்ததற்கு நிதியும் அரசியல் உறுதியும் மட்டுமே காரணமல்ல. மையம்தோறும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பணியிடங்களை உருவாக்கிப் பொறுப்பைப் பகிர்ந்தளித்த நிர்வாக அமைப்பும் காரணம். வரவு செலவுத் திட்டம், கொள்முதல், பணியாளர் மேலாண்மை, நிர்வாகச் சட்டம், தணிக்கை, மதிப்பீடு ஆகியவை இத்தகைய அமைப்புகளை எண்ணிப் பார்த்து வடிவமைக்கும் பயிற்சியையே தருகின்றன.

இந்தக் கல்வியின் தேவையை அரசும் அறியாமல் இல்லை. முசௌரி அகாதெமியில் பயிற்சி முடிக்கும் இந்திய ஆட்சிப் பணியினருக்கு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பொது மேலாண்மையில் முதுகலைப் பட்டம் வழங்குகிறது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகம் 2002-இல் பொதுக் கொள்கை, மேலாண்மைக்கான முதுநிலைப் படிப்பைத் தொடங்கியபோது, பணியில் உள்ள அலுவலர்களையும் அதில் சேர்த்தது. அதாவது, பணிக்கு வந்தபின் இந்தப் பட்டம் அரசுக்குப் பயனுள்ளதாகிறது. பணிக்கு வருமுன் அதே பட்டத்துக்குத் தனி மதிப்பில்லை. இந்த முரண் யாரையும் உறுத்தவில்லை என்பதே வியப்பு.

வீரப்ப மொய்லி தலைமையில் 2005-இல் அமைந்த இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் இதற்கொரு வழி சொன்னது. தேசியப் பொது நிர்வாக நிறுவனங்களை அமைத்து இளநிலைப் பட்டப்படிப்பு நடத்தலாம். அதில் தேறியவர்கள் குடிமைப் பணித் தேர்வு எழுதலாம். பிற பட்டதாரிகள் ஓர் இணைப்புப் படிப்பை முடித்துவிட்டு எழுதலாம் என்று பணியாளர் நிர்வாகம் குறித்த தன் அறிக்கையில் 2008-இல் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை செயல்வடிவம் பெறவில்லை.

அதை அப்படியே நிறைவேற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. சிற்றூரில் தமிழ் இலக்கியமோ தாவரவியலோ படித்து, முதல் தலைமுறைப் பட்டதாரியாகத் தேர்வெழுத வரும் இளைஞருக்கு அது மற்றொரு மதிலாகிவிடக் கூடும். பிரான்சின் பட்டறிவும் எச்சரிக்கை தருகிறது. போருக்குப் பின் 1945-இல், எல்லாத் தரப்பினருக்கும் உயர்பதவிகளைத் திறந்துவிடும் நோக்கில் அங்கே தேசிய நிர்வாகக் கல்லூரி நிறுவப்பட்டது. காலப்போக்கில் அதுவே உயர்குடியினரின் கூடாரம் என்ற பழிக்கு ஆளாகி, 2021-இன் இறுதியோடு முடிவுக்கு வந்தது. ஒரே வாயிலை மட்டும் திறந்து வைப்பது, நாளடைவில் அதை அடைப்பதில் முடிகிறது.

ஆகவே, மாற்றத்தைத் தலைநகரில் தொடங்குவதைவிட ஊரில் தொடங்குவதே பொருத்தம். 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கு 29 பொருள்களையும் நகராட்சிகளுக்கு 18 பொருள்களையும் அட்டவணையிட்டன. குடிநீர், துப்புரவு, சாலை, நகரத் திட்டமிடல் என்று மக்கள் நாள்தோறும் சந்திக்கும் பணிகள் அவை. தமிழ்நாட்டில் மட்டும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. இப்பணிகளைத் திட்டமிடவும் கணக்கு வைக்கவும் கற்றவர்கள் இங்கேதான் அதிகம் தேவை. நகராட்சி ஆணையர் (இரண்டாம் நிலை) பணியிடங்களுக்குக் குரூப்-2 தேர்வு வழியே ஆளெடுத்து வந்திருக்கிறோம். அதற்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும்.

உள்ளாட்சிக்குத் தகுதி வகுப்பது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் வாரிய உறுப்பினருக்கு வயது, சொத்து, கல்வி எனத் தகுதிகளை விதித்தன; கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கி வைத்தன. அந்தச் சபை அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பது உண்மை. ஆயினும், பொதுப் பணத்தைக் கையாள்பவர் அதற்கான தகுதியைக் காட்ட வேண்டும் என்ற கருத்து இன்றைக்கும் பொருந்தும்.

எனவே, நகராட்சி ஆணையர், பேரூராட்சிச் செயல் அலுவலர் போன்ற பணியிடங்களில் ஒரு பகுதியைப் பொது நிர்வாகம், பொதுக் கொள்கை, ஊரக வளர்ச்சி ஆகியவற்றில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரியதாக்கலாம். எஞ்சியவை இப்போதுபோல அனைவருக்கும் திறந்திருக்கட்டும். இளைஞர்களை அரசுத் துறைகளோடு இணைத்துப் பணியாற்றச் செய்யும் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் நல்ல முன்மாதிரி. அதே முறையில் ஒவ்வொரு நகராட்சியிலும் மாணவர்கள் ஒரு பருவம் பயிற்சி பெற வழிசெய்யலாம்.

பல்கலைக்கழகங்களுக்கும் பொறுப்புண்டு. மேலைநாட்டுக் கோட்பாட்டாளர்களின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, தன் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைப் படிக்கத் தெரியாமல் வெளியேறும் பட்டதாரியால் யாருக்கும் பயனில்லை. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தை ஆராய்வது, தணிக்கைத் தடையை வாசிப்பது, அரசாணையைத் தெளிந்த தமிழில் வரைவது ஆகியவை பாடமாக வேண்டும். மறைமலை நகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனமும், காந்திகிராம ஊரக நிறுவனமும் நீண்ட காலமாகச் சேர்த்துவைத்துள்ள களப்பட்டறிவைக் கல்லூரிகள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிப்பில் சேர எண்ணும் மாணவர்களுக்கும் சில சொற்கள். பொதுக் கொள்கைப் படிப்புகள் பொருளியலுக்கும் புள்ளியியலுக்கும் முதன்மை தருகின்றன. பொது நிர்வாகப் படிப்புகள் அமைப்பு, சட்டம், நிதி, பணியாளர் ஆகியவற்றில் அழுத்தம் தருகின்றன. உங்கள் நாட்டம் எதில் என்று முதலில் தெளியுங்கள். கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன், அங்கே களப்பயிற்சி உண்டா என்று கேளுங்கள். தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் கட்டணம் பல லட்சம் ஆகும். அரசுப் பல்கலைக்கழகங்களிலும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் குறைந்த செலவில் படிக்கலாம். தொண்டு நிறுவனங்கள், ஆய்வு மையங்கள், திட்ட மேலாண்மைப் பிரிவுகள் ஆகியவற்றிலும் வேலை உண்டு.

குடிமைப் பணித் தேர்வு எழுதுங்கள். ஆனால், அதன் எண்ணிக்கையையும் மனத்தில் கொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு ஏறத்தாழ 10 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016 பேர். பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 32, வாய்ப்புகள் ஆறு. அந்த ஆண்டுகளைச் செலவிட்டுவிட்டு, கையில் பட்டம் இருந்தும் அதற்கென வேலையில்லாமல் நிற்கும் முன்னாள் மாணவர்கள் பலரை நான் அறிவேன். அரசமைப்பும் நிதி நிர்வாகமும் ஆழக் கற்றவர்கள் அவர்கள். தேர்வில் தோற்றதால் அவர்கள் கற்றது பொய்யாகிவிடாது.

அவர்கள் வீட்டில் காத்திருக்க, அவர்கள் ஊர் நகராட்சியில் திட்டமிடவும் கணக்கெழுதவும் பயிற்சி பெற்றவர் இல்லாமல் பணிகள் தேங்குவது இரட்டை இழப்பு. இதைச் சரிசெய்யச் சட்டத் திருத்தமோ புதிய ஆணையமோ தேவையில்லை. உள்ளாட்சிப் பணியிடங்களுக்கான அடுத்த தேர்வு அறிவிக்கையில் கல்வித் தகுதிக்கான பத்தியை மாநில அரசு மாற்றி எழுதினால் போதும், தொடக்கம் அமைந்துவிடும்.